திறவாய்ப் பேரவையின் வெளியீட்டு விதிகள்

மனித குலம் வாய் திறந்து பேசக் கற்றுக்கொண்டதற்குப் பிறகு நடந்த அடுத்த பெரிய நிகழ்ச்சி விழுப்புரத்தில் நடந்தது. பேச முடியாதவர்களுக்காகப் பேசும் 'திறவாய்' என்ற கட்டற்ற மென்பொருள் அங்கேதான் பிறந்தது. எழுத்தைத் தட்டினால் கைப்பேசி அதைத் தமிழில் பேசும். காசு கிடையாது. உள்ளே இருக்கும் நிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், உலகத்துக்கே பொது.

இது விழுப்புரத்தார் சொல்லும் வரலாறு. திண்டிவனத்தார் சொல்லும் வரலாற்றில் அது திண்டிவனத்தில் பிறந்தது. இந்த வழக்கு தீராததால் திறவாயின் 'எங்களைப் பற்றி' பக்கம் இன்றுவரை காலியாகக் கிடக்கிறது.

சவுரிராயனுக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. டீக்கடையில் தான் டீ கேட்டால் போன் கொசுவத்தி கேட்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியும்.

பெருமுக்கல் பக்கத்தில் இருப்பவர் சவுரிராயன். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு திண்டிவனம் சுற்றுவட்டாரம் முழுக்க அறிவிப்புச் செய்தவர். ஜவுளிக்கடைத் திறப்பு, தேர், மாதா கோயில் கொடியேற்றம், கண் சிகிச்சை முகாம், காணாமல் போன மாடு, சாவு, எல்லாம் அவர் வாய் வழியாகத்தான் ஊருக்குப் போகும். அவர் "அன்பார்ந்த பொதுமக்களே" என்று தொடங்கினால் கொல்லையில் மல்லாட்டைச் செடியிலிருந்து கடலை ஆய்கிற கைகள் நின்றுவிடும். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் ஆள் மிஞ்சுவார் என்றார் டாக்டர்.

அறுவைக்கு முன்னால் பவானி வந்தாள். கண்டமங்கலத்திலிருந்து தினமும் புதுச்சேரிக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிற பெண். ஓய்வு நேரத்தில் திறவாய்க்குச் சம்பளமில்லாமல் நிரல் எழுதிக் கொடுப்பவள். திறவாய் அதுவரை வடநாட்டு டிவி வாசிப்பாளர் தமிழ் பேசுவது மாதிரி பேசிக்கொண்டிருந்தது. நல்ல தமிழ்க் குரல் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தவள், கண்டமங்கலத்தில் ஒரு கடைத் திறப்பில் சவுரிராயன் அறிவித்ததைக் கேட்டிருந்தாள்.

"அங்கிள், உங்க கொரல முழுசா பதிவு பண்ணி வெச்சிக்கலாம். அப்புறம் நீங்க தட்டுனா, உங்க கொரலே பேசும்."

அவரும் மூடிய அறைக்குள் உட்கார்ந்து, தொண்டை வலிக்க வலிக்க அவள் நீட்டியதையெல்லாம் வாசித்துக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வந்தபோது கழுத்தில் ஒரு துளையும், கையில் ஒரு போனும், போனுக்குள் அவர் குரலும் இருந்தன. ஆறு மாதம் நன்றாகத்தான் போயிற்று. மனைவி அம்மணிகூட, "முன்னால கத்துனா வாயப் பொத்தலாம், இப்ப இன்னாத்தப் பொத்தறது" என்று அலுத்துக்கொள்கிற அளவுக்கு அவர் பேசினார்.

அப்புறம்தான் புதிய பதிப்பு வந்தது.

புதிய பதிப்பு வந்தால் திறவாய் யாரையும் கேட்காமல் தானே அதை இழுத்துப் போட்டுக்கொள்ளும். இது சுதந்திரக் கொள்கைக்கு ஏற்றதா என்பதை ஒரு துணைக்குழு ஆராய்ந்துவருகிறது. இந்தப் பதிப்பு வந்த நாளிலிருந்து, சவுரிராயன் எதைத் தட்டினாலும் போன் அதற்கு முந்தி அவர் தட்டியதைப் பேசியது. முதல் நாள் ராத்திரி அம்மணியிடம் "கொசுவத்தி ஏத்து" என்று சொல்லிவிட்டுப் படுத்தவர், காலையில் சேரன் டீக்கடையில் "ஒரு டீ, சக்கரை கம்மி" என்று தட்டினார். போன் கணீரென்று சொன்னது: "கொசுவத்தி ஏத்து."

"இன்னாண்ணே, காலங்காத்தாலயேவா?" என்றான் சேரன்.

அங்கிருந்து ஒரு சாவுக்குப் போனார். மாலையைப் போட்டுவிட்டு, இறந்தவரின் மகன் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசு தாங்கலப்பா" என்று தட்டினார். பிணத்தின் தலைமாட்டில் அவருடைய குரல் ஒலித்தது: "ஒரு டீ, சக்கரை கம்மி." மகன் உள்ளே பார்த்துத் தலையாட்டினான். உள்ளேயிருந்து டீ வந்தது.

சத்தத்தைக் குறைத்துக்கொள்ளவும் வழியில்லை. குரலற்றோரின் குரலை எவரும் ஒடுக்கக் கூடாது என்று திறவாயை நடத்தும் பேரவை ஒரு தீர்மானம் போட்டு, திறவாய் எப்போதும் முழுச் சத்தத்தில்தான் பேசும் என்று செய்திருந்தது. ஒன்றும் தட்டாமல் 'பேசு' பொத்தானை மட்டும் அழுத்தினால் அது பேசாது. பழைய பதிப்புக்குத் திரும்பவும் முடியாது. பின்னோக்கிப் போவது முற்போக்குக்கு எதிரானது.

இதெல்லாம் சிரித்துக் கழிக்கிற பேஜாரு. சிரிக்க முடியாதது அவர் மகள் விஷயத்தில் நடந்தது.

அன்புச்செல்வி புதுச்சேரியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அப்பா குரல் போன பிறகு வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது. சம்பளத்துக்காக மட்டும் இல்லை, அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. பையனின் அம்மா, "எங்க புள்ளையப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலியே" என்று கேட்டாள். தங்கமான பிள்ளை என்று தட்டினார் சவுரிராயன். போன், சற்று முன் சமையலறையில் அவர் அம்மணிக்காகத் தட்டியதைச் சொல்லிற்று: "பையன் பரவாயில்ல, அவங்கம்மா வாயப் பாத்தாதான் பயமா கீது."

வந்தவர்கள் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

"போனது போவட்டும்பா," என்றாள் அன்புச்செல்வி. "ஆனா அடுத்து யாரு வந்தாலும், நான் வேலைய விட மாட்டேன்னு நீ சொல்லணும். உன் கொரல்ல சொல்லணும். நானே சொன்னா வாயாடின்னுவாங்க. நீ சொன்னாத்தான் கண்டிஷன்னுவாங்க."

சவுரிராயன் பவானிக்குச் செய்தி அனுப்பினார். அவள் உடனே கூப்பிட்டாள். அவரால் கேட்க முடியும், அதனால் அவள் மட்டும் பேசினாள்.

"ஒரே ஒரு வரிதான் அங்கிள் தப்பு. நான் அன்னிக்கே திருத்திட்டேன்."

அவர் மூச்சு விட்டார்.

"ஆனா வெளியிடல."

வெளியிடுவது என்றால் திருத்திய பதிப்பை எல்லோருடைய போனுக்கும் அனுப்பி வைப்பது. அதற்குத் திறவாயின் இரண்டு பராமரிப்பாளர்களும் ஒரே நேரத்தில் ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டும். பழுதான பதிப்பு வந்த காலத்தில் இப்படி விதி எதுவும் கிடையாது. விதி இல்லாமல் வெளியிட்டதால்தான் பழுது வந்தது என்று இருவரும் ஒருமனதாக முடிவு செய்து, விதி எழுதினார்கள். அவர்கள் ஒருமனதாகச் செய்தது அது ஒன்றுதான்.

"நீங்களே நேர்ல போய்ப் பாருங்க அங்கிள். நான் சொன்னா, சின்னப் பொண்ணுன்றாங்க."

விழுப்புரத்துப் பராமரிப்பாளர் வெற்றிச்செல்வன் ஒரு தனியார் கல்லூரியில் கணிப்பொறி ஆசிரியர், பகுத்தறிவாளர். சவுரிராயன் ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினார். ஏறியதும் கண்டக்டரிடம் "விழுப்புரம் ஒண்ணு குடுங்க" என்று தட்டியதுதான் வழியில் அவர் பேசியது. வெற்றிச்செல்வன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆள் நடமாடுவது ஜன்னல் வழியே தெரிந்தது. மணி அடித்தும் யாரும் திறக்கவில்லை. வாசலில் நின்றார், உட்கார்ந்தார், தெருமுனை வரை போய்த் திரும்பினார். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது.

"வாங்க தோழர், வாங்க. ராகு காலம் தொடங்கிடுச்சி. இனிமே நல்ல விஷயம் பேசலாம்."

சவுரிராயன் உட்கார்ந்து, 'என் குரல் ஒரு வாக்கியம் பின்னால வருதுங்க, திருத்தத்த சீக்கிரம் வெளியிடுங்க' என்று தட்டினார்.

"விழுப்புரம் ஒண்ணு குடுங்க," என்றது போன்.

வெற்றிச்செல்வன் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? மக்கள் இன்னா கேக்கறாங்க? விழுப்புரம்! திண்டிவனத்தக் கேக்கல. இத நான் பேரவையில பதிவு பண்ணுவேன்." சவுரிராயன் அவசரமாகத் தலையாட்டி மறுத்தார். அதையும் அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

"தோழர், திண்டிவனத்தாரு நல்ல நேரத்துலதான் வெளியிடணும்ன்றாரு. மென்பொருளுக்கு ஏதுங்க நல்ல நேரம்? அது மூடநம்பிக்கை. அதனால நான் இன்னா சொல்லிட்டேன்னா, ராகு காலத்துல மட்டும்தான் வெளியிடணும். ராகு காலம் இல்லாத நேரத்துல நான் எதுக்கும் கையெழுத்துப் போடறதில்ல. என் கல்யாணம் ராகு காலம். வீட்டுக்குக் கடக்கால் போட்டது ராகு காலம். இதோ இந்த மாத்திரைய ராகு காலத்துலதான் போடறேன். டாக்டர் காலையில போடச் சொன்னாரு. எந்த நேரமும் எனக்கு ஒண்ணுதான், அதக் காட்டணும்னாத்தான் இந்த நேரத்த விடறதில்ல."

அவர் போனைத் திறந்து ஒரு செயலியைக் காட்டினார். அதில் சூரிய உதயம், அஸ்தமனம், விநாடி ஓடும் கடிகாரம்.

"இது நானே எழுதின நிரல். கேலண்டர்ல போடற ராகு காலம் உத்தேசமானது. பகல எட்டாப் பிரிச்சி துல்லியமா பாத்தா தெனமும் கொஞ்சம் மாறும். தப்பான ராகு காலத்தப் போயி எதுத்துக்கினு இருந்தா அது எதிர்ப்பா?"

பேச்சு நாலேகாலுக்கு முடிந்தது. நடு வாக்கியத்தில் கடிகாரத்தைப் பார்த்து எழுந்த வெற்றிச்செல்வன், அவரை வாசல் வரை கொண்டுவந்து விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சவுரிராயன் அங்கிருந்தே திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்தார். இந்தத் தடவை கண்டக்டரிடம் கைச்சாடையோடு சரி. திண்டிவனத்துப் பராமரிப்பாளர் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கணிப்பொறிப் பயிற்சி மையம் வைத்திருந்தார். மளிகைக் கடை கொடுத்த தினசரிக் கேலண்டர் ஒன்று அவர் தலைக்கு மேலே தொங்கியது. அதற்குக் குங்குமம் வைத்திருந்தது.

"ஜல்தியா வாங்க, நல்ல நேரம் முடியப் போவுது," என்றார் விருத்தாசலம்.

'வணக்கங்க' என்று தட்டினார் சவுரிராயன்.

"என் குரல் ஒரு வாக்கியம் பின்னால வருதுங்க, திருத்தத்த சீக்கிரம் வெளியிடுங்க," என்றது போன், தெளிவாக.

விருத்தாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரியாத்தானே பேசுது? எங்க பின்னால வருது?"

சவுரிராயனுக்கு வேர்த்துவிட்டது. 'இது மூணு மணிக்கு விழுப்புரத்துல தட்டுனதுங்க' என்று தட்டினார்.

"வணக்கங்க," என்றது போன்.

"வணக்கம், வணக்கம். மரியாதையும் தெரிஞ்சி இருக்குது. இத வெச்சிக்கினு அந்தப் பொண்ணு பழுதுன்னு எழுதிக்கினு இருக்குது." அவர் நாற்காலியை முன்னால் இழுத்தார். "ஐயா, என்னைய மூடநம்பிக்கைக்காரன்றாரு விழுப்புரத்தாரு. அமெரிக்காக்காரன் வெள்ளிக்கெழம சாயங்காலம் எதையும் வெளியிட மாட்டான், தெரியுமா? சனி, ஞாயிறு லீவுல எதுனா புட்டுக்கும்னு பயம். அதுக்குப் பேரு பெஸ்ட் பிராக்டீஸு. நான் அஷ்டமி, நவமில வெளியிட மாட்டேன்னா அதுக்குப் பேரு மூடநம்பிக்கையா? அவன் வாரத்துல ஒரு நாளுக்கு பயப்படறான். நான் அதவிட ஜாக்கிரதையானவன், எல்லா நாளுக்கும் பயப்படறேன்."

கேலண்டர் தாளைப் பார்த்தார். நல்ல நேரம் முடிந்திருந்தது. அவர் வாயும் மூடிக்கொண்டது. சவுரிராயன் எவ்வளவு தட்டியும் விருத்தாசலம் கையை மட்டும் கூப்பினார்.

வெள்ளிக்கிழமை பவானி வேறு வழி சொன்னாள். நேராகப் பேரவைக் கூட்டத்திலேயே கோரிக்கையை வைத்துவிடலாம். கூட்டம் விக்கிரவாண்டியில், நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றின் குடும்ப அறையில். பராமரிப்பாளர் இருவரில் அவர் ஊருக்கு இவர் போக மாட்டார், இவர் ஊருக்கு அவர் வர மாட்டார் என்பதால் நடுவில் ஒரு இடம்.

"ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு 'சரிங்க' போட்டுக்கோங்க அங்கிள். மொதல்ல சரிங்கன்னு வரும். திரும்ப சரிங்கன்னு தட்டுனீங்கன்னா நீங்க சொல்ல நெனச்சது வந்துடும். சரிங்கன்னா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

நல்ல யோசனைதான். பேரவை என்றால் என்ன என்று இருவருக்கும் தெரியாததுதான் குறை.

நீள மேசையின் ஒரு கோடியில் வெற்றிச்செல்வன், மறு கோடியில் விருத்தாசலம், நடுவில் உறுப்பினர்கள் நாலைந்து பேரும் பரோட்டாவும். விருத்தாசலம் விதியை வாசித்தார். "திறவாய் மக்களுக்கானது. ஆனா மக்கள் நேரடியா கோரிக்கை வைக்க முடியாது. பங்களிப்பாளர்தான் வைக்க முடியும். நீங்க வெறும் பயனர். ஒத்துக்கறீங்களா?"

'அந்தக் கொரலே என்னுதுதாங்க' என்று தட்டினார் சவுரிராயன்.

"சரிங்க," என்றது போன்.

"ஒத்துக்கிட்டாரு, எழுதிக்கோங்க," என்றார் விருத்தாசலம்.

பவானி எழுந்தாள். "சார், அவரு பயனர் இல்ல. செயலி பேசறதே அவரு கொரல்லதான். அவருக்கு மேல யாரு பங்களிப்பாளர்?"

மேசையின் இரண்டு கோடியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. வெற்றிச்செல்வன் தொண்டையைச் செருமினார். "ஆதாரம் இல்லாம எதையும் நம்பாதே என்பது நம்ம அடிப்படை. தோழர், இந்தக் கொரல் உங்களுதுதானா?"

சவுரிராயன் 'சரிங்க' தட்டினார். போன் சொன்னது: "அந்தக் கொரலே என்னுதுதாங்க."

"இது செயலியோட கொரல். செயலி தனக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது. நீங்க உங்க சொந்த வாயால ஒரு வரி பேசிக் காட்டுங்க. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துடலாம்."

சவுரிராயன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக் கழுத்துத் துளையைக் காட்டினார். பரோட்டா பிய்த்துக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"வருத்தமா இருக்குது," என்றார் விருத்தாசலம். "ஆனா விதியில வருத்தத்துக்கு எடம் வெக்கல. அடுத்த திருத்தத்துல பாக்கலாம். அதுவரைக்கும் குரல் சரிபார்ப்பு நிலுவையில் இருக்கட்டும். கோரிக்கைய இப்போதைக்குத் திரும்ப வாங்கிக்கறீங்களா?"

கூடாது, என் மகள் வாழ்க்கை இதில் இருக்கிறது என்று அவர் அவசர அவசரமாகத் தட்டினார்.

"சரிங்க," என்றது போன்.

அவர் வீடு திரும்பியபோது அம்மணி வாசலிலேயே காத்திருந்தாள். அவளிடமும் ஒரு செய்தி இருந்தது. செஞ்சிப் பக்கம் வல்லத்திலிருந்து சின்னப்பன் என்பவர் வரும் ஞாயிற்றுக்கிழமை மகன் பிரேம்குமாரோடு பெண் பார்க்க வருகிறார். அவர்களும் இவர்களைப் போல வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்தான். ஆனாலும் கேலண்டர்ப்படி மூன்றரையிலிருந்து நாலரைக்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நல்ல நேரத்துக்கு மதம் கிடையாது என்பது அவர்கள் கட்சி. இன்னொரு சங்கதியையும் தரகர் சொல்லியிருந்தார்: அவர்கள் வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போகிற வழக்கம் இல்லை.

இனி பேரவையை நம்பிப் பயனில்லை என்று சவுரிராயன் முடிவு செய்தார். 'சரிங்க'வைத் தொடவே கூடாது. வேலையை விட்டுவிட வேண்டும் என்று அவர்கள் சொல்லி, போன் சரிங்க என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஒரே வழிதான் இருந்தது. அடுத்த கேள்வி என்ன வரும் என்று முன்கூட்டியே யூகித்து, அதற்கான பதிலை இப்போதே தட்டி வைத்துவிட வேண்டும். கேள்வி வரும்போது அதற்கடுத்த பதிலைத் தட்டினால், தட்டி வைத்தது வெளியே வரும்.

சேரன் கடையில் பழகினார். முதலில் குளறியது. போகப் போகக் கை பிடித்துவிட்டது. உலகத்தில் மனிதர்கள் கேட்பதெல்லாம் அடுத்து என்ன கேட்பார்கள் என்று தெரிந்த கேள்விகள்தான் என்பதைக் கண்டு அவருக்கே கொஞ்சம் சலிப்பாக இருந்தது. "உடம்பு எப்டிகீது" என்றால் அடுத்தது "பொண்ணுக்கு எதுனா அமைஞ்சிதா." அதற்கடுத்தது மழை.

சனிக்கிழமை பவானியிடமிருந்து செய்தி வந்தது. கார்த்திகையில் பொழுது சீக்கிரம் சாய்வதால், வெற்றிச்செல்வனின் துல்லியமான ராகு காலம் ஞாயிற்றுக்கிழமை நாலேகாலுக்கே தொடங்கிவிடுகிறது. விருத்தாசலத்தின் மளிகைக் கடைக் கேலண்டரில் நல்ல நேரம் நாலரைக்குத்தான் முடிகிறது. நடுவில் ஒரு கால்மணி நேரம் இரண்டும் ஒன்றாக இருக்கிறது. இருவரையும் ஒப்புக்கொள்ள வைத்துவிட்டாள். நாளைக்கு நிச்சயம் வெளியாகிவிடும்.

இந்த 'நாளைக்கு நிச்சயம்' இதற்கு முன்பும் பல தடவை வந்திருந்தது. சவுரிராயன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கேசரிக்கு ரவை வாங்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி மூன்றரைக்கு வந்தார்கள். சின்னப்பன் கனத்த மனிதர், நெற்றி துடைத்தபடியே உட்கார்ந்தார். பிரேம்குமார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சவுரிராயன் உள்ளங்கையில் போன், விரல் நுனியில் அடுத்த பதில்.

"வர்ற வழியெல்லாம் மழைங்க."

"ஏரி ரொம்பிட்டா தேவலை," என்றது போன். அவர் அதை வாசலில் அவர்கள் செருப்புக் கழற்றும்போதே தட்டி வைத்திருந்தார்.

"சொந்த வீடுங்களா?"

"எங்க அப்பா கட்டுனது. நான் ஓடு மாத்துனேன்."

சின்னப்பன் தலையை ஆட்டினார். அம்மணி கதவோரம் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். அன்புச்செல்வி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். சின்னப்பன் ஒரு டம்ளர் குடித்தார், இன்னொன்றும் குடித்தார். முக்கால் மணி நேரம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அடுத்தது அந்தக் கேள்விதான் என்று சவுரிராயனுக்குத் தெரிந்துவிட்டது. அன்புச்செல்வியின் வாக்கியத்தைத் தட்டி உள்ளே அனுப்பினார். "பிரசர், சக்கரை ஒண்ணும் இல்லீங்க" என்று முந்தியது வெளியே வந்து விழுந்தது.

இனி கேள்வி வந்ததும் வேறு எதையாவது தட்டினால் போதும், மகளின் வாக்கியம் வெளியே வரும். அந்த வேறு எதாவது என்ன? அதற்கடுத்த கேள்விக்கான பதில். சின்னப்பன் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார். பின்கதவை ஒருமுறை பார்த்தார். காலை மாற்றிப் போட்டார், மறுபடி பின்கதவைப் பார்த்தார். சவுரிராயனுக்குப் புரிந்தது. அதைத் தட்டித் தயாராக வைத்துக்கொண்டார்.

"அப்ப விஷயத்துக்கு வரேன்," என்றார் சின்னப்பன். "எங்க வூட்டுல பொம்பளைங்கள வேலைக்கு அனுப்பற பழக்கம் இல்ல. கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைய வுட்டுடணும். நீங்க இன்னா சொல்றீங்க?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. சவுரிராயன் பொத்தானை அழுத்தினார்.

முழுச் சத்தத்தில், திருவிழாக் கூட்டத்தை வழிவிடச் சொன்ன அதே கம்பீரத்தில், போன் சொன்னது: "கக்கூசு பின்பக்கம் இருக்குது. கொழாயில தண்ணி வராது, வாளியில எடுத்துக்கினு போங்க."

தெருவில் போன சைக்கிள் ஒன்று நின்றது.

சின்னப்பன் சவுரிராயனைப் பார்த்தார். பிரேம்குமார் முதல்முறையாகத் தலையைத் தூக்கினான். கதவோரத்தில் அம்மணி கண்ணை மூடிக்கொண்டாள். சவுரிராயனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் வர வேண்டியது முன்னால் வந்துவிட்டது. முன்னால் தட்டி வைத்தது எங்கே போயிற்று?

"இதத்தாங்க நானும் எப்டிக் கேக்கறதுன்னு பாத்துக்கினு இருந்தேன்," என்று சொல்லிவிட்டுச் சின்னப்பன் எழுந்து பின்பக்கம் விரைந்தார்.

அன்புச்செல்வி வெளியே வந்து போனைப் பிடுங்கிப் பார்த்தாள். மேலே பவானியின் செய்தி ஒன்று வந்து நின்றிருந்தது: 'வந்துடுச்சி அங்கிள்!!!'

"அப்பா, சரியாயிடுச்சிப்பா. இனிமே நீ தட்டறதுதான் வரும்." குரலைத் தாழ்த்தினாள். "அந்த ஆளு வர்றதுக்குள்ள தட்டு."

சின்னப்பன் முகம் தெளிந்து திரும்பி வந்தார். உட்கார்ந்தார். "நான் இன்னா கேட்டேன்?"

"என் பொண்ணு வேலைக்குப் போவா," என்றது சவுரிராயனின் குரல். "கல்யாணத்துக்கு முன்னால போற மாதிரியே, பின்னாலயும் போவா. அதுல பேச்சில்ல. மத்தது எதுவா இருந்தாலும் பேசலாம்."

சின்னப்பன் முன்னால் குனிந்தார். போனையே பார்த்தார். பிறகு சவுரிராயன் கழுத்துத் துணியைப் பார்த்தார்.

"இது திண்டிவனம் மைக்காரரு கொரல் இல்ல? எங்கப்பா செத்தப்ப வல்லம் பூரா ஆட்டோல சொல்லிக்கினு போனாரே... 'அன்னார் மறைவால் வாடும்'னு... அன்னிக்கு அந்தக் கொரலக் கேட்டுத்தாங்க எனக்கே அழுகை வந்துது. அதுவரைக்கும் வரல. நீங்கதானா அது?"

சவுரிராயன் தலையசைத்தார். அதற்கு எதையும் தட்டத் தேவைப்படவில்லை.

"போவட்டும்பா," என்றான் பிரேம்குமார், தரையைப் பார்த்தபடியே. "எனக்கு ஒண்ணும் இல்ல."

சின்னப்பன் இன்னொரு முறை நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நல்ல நேரம் முடியறதுக்குள்ள தட்ட மாத்திக்கலாம்," என்றார். மணி நாலு இருபத்தெட்டு.

அந்தக் கால்மணி நேரத்தில் விக்கிரவாண்டியில் நடந்ததைப் பவானி பிற்பாடு சொன்னாள். நாலேகாலுக்கு வெற்றிச்செல்வன் எழுந்து, மூடநம்பிக்கையின் முதுகெலும்பை முறிக்கும் இந்தப் பொன்னான வேளையில் என்று தொடங்கினார். விருத்தாசலம் எழுந்து, முன்னோர் வகுத்த இந்தச் சுபவேளையில் என்று தொடங்கினார். இருவர் பேச்சும் சேர்ந்து நடந்தது. யார் பெயர் முதலில் வர வேண்டும் என்பது எஞ்சியிருந்தது. அவர்கள் அதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே பவானி இரண்டு போனையும் எடுத்து இரண்டு பொத்தானையும் அழுத்திவிட்டாள். விதிமீறல் என்று இப்போது அவள் மேல் ஒரு விசாரணை நடக்கிறது. விசாரணையை எந்த நேரத்தில் நடத்துவது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

வெற்றி விழாவுக்குச் சவுரிராயனையும் அழைத்திருந்தார்கள். அவர் அன்புச்செல்வியோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். இரண்டு வார்த்தை நன்றி சொல்லலாம் என்று தட்டி வைத்திருந்தார். பங்களிப்பாளர்கள் மட்டுமே பேசலாம் என்றார்கள். அவரது குரல் சரிபார்ப்பு மனு அன்றைக்குத்தான் முடிவுக்கு வந்தது. மனுதாரர் நேரில் பேசிக் காட்டாததால், செயலியில் உள்ள குரல் அவருடையது என்பதற்கு ஆதாரமில்லை என மனு தள்ளுபடி செய்யப்பட்டது.

தீர்மானத்தை மேடையில் யார் வாசிப்பது என்பதில் பராமரிப்பாளர்கள் இருவரும் ஒத்துப்போகாததால், திறவாயில் போட்டு, சவுரிராயன் குரலிலேயே வாசித்தார்கள்.